பாதிப் பண்ணையைக் கேட்காதீர்கள், கொடுத்த பணத்தைக் கேளுங்கள்

கேள்வி: சிங்கப்பூரின் லிம் சூ காங்கில் என் தாய்மாமா மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறார். புதுத் தொழுவம் கட்ட 2020ல் அவருக்கு 45,000 வெள்ளி (டாலர்) கொடுத்தேன். நிலக் குத்தகை, உரிமம் எல்லாம் அவர் பெயரில். பால் வருமானத்தில் பாதி எனக்கு என்று எழுதிக் கொடுத்தார். ஈராண்டு கொடுத்தார், பிறகு நிறுத்திவிட்டார். தேக்காவில் வீடு வீடாகப் பால் ஊற்றியவன் நான். தைப்பூசத்துக்குக் கண்விழித்துப் பால் கொண்டுபோனவன் நான். இப்போது குத்தகை முடியப்போகிறது, "உனக்கும் பண்ணைக்கும் என்ன சம்பந்தம்" என்கிறார். பொங்கலுக்கு லிட்டில் இந்தியாவில் மாடுகளைக் காட்சிக்கு வைத்தபோதுகூடக் கூப்பிடவில்லை. அம்மா தன் அண்ணனோடு பேசுவதையே விட்டுவிட்டார். தொழிலில் நான் பங்காளி, பாதிப் பண்ணை என்னுடையது. அரசாங்கம் தரும் இழப்பீட்டில் பாதி எனக்கு வரவேண்டும். தராவிட்டால், அனுமதியில்லாமல் கட்டிய தொழுவத்தைப் பற்றி அதிகாரிகளிடம் சொல்லிவிடுவேன் என்று வாட்ஸ்அப் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா? (வாசகர், ஈசூன்)

பதில்: அனுப்பாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பால் ஊற்றியது, பொங்கலுக்குக் கூப்பிடாதது, அம்மாவின் மனக்கசப்பு எதற்கும் நீதிமன்றத்தில் இடமில்லை. உங்கள் வழக்கு முழுவதும் நீங்கள் படம் எடுத்து அனுப்பிய அந்த ஒரு தாளில் இருக்கிறது. மாமாவின் கையெழுத்தில் மூன்று வரி: "தொழுவம் கட்டத் தங்கை மகனிடம் 45,000 வெள்ளி பெற்றுக்கொண்டேன். பண்ணையை விடும் நாளில் இந்தத் தொகையைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அதுவரை பால் வருமானத்தில் பாதி அவருக்கு." கீழே கையொப்பம், தேதி. "பங்காளி" என்ற சொல் இதில் எங்கும் இல்லை. "திருப்பிக் கொடுத்துவிடுவேன்" என்பது இருக்கிறது. இது கடன் பத்திரம். நீங்களோ கடிதம் முழுக்க "நான் பங்காளி, பாதிப் பண்ணை என்னுடையது" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு நீங்களே குழி வெட்டிக்கொள்ளும் இடம் அதுதான்.

முதலில் இழப்பீடு. குத்தகைக் காலம் தானாக முடிந்தால் அரசாங்கம் இழப்பீடு தர வேண்டியதில்லை. நிலம் அரசாங்கத்துக்குத் திரும்பிப் போகிறது, அவ்வளவுதான். காலம் முடியும் முன்பே நிலத்தை எடுத்துக்கொண்டால்தான் நில எடுப்புச் சட்டத்தின்கீழ் இழப்பீட்டுப் பேச்சே வரும். 2014ல் லிம் சூ காங் வட்டாரத்தில் 62 பண்ணைகளுக்குக் குத்தகை நீட்டிக்கப்படாது என்று அறிவித்தார்கள். பிறகு கெடு தள்ளிப்போனது உண்மை, ஆனாலும் குத்தகை குத்தகைதான். அதோடு, நிலத்தைக் காலி செய்து, கட்டியதை இடித்து, சுத்தமாக ஒப்படைக்கும் செலவு பொதுவாகக் குத்தகைதாரர் தலையில்தான் விழும். பங்காளி என்று நீங்கள் நிரூபித்துவிட்டால், கூட்டாண்மைச் சட்டப்படி தொழிலின் கடனுக்கு நீங்களும் பொறுப்பு. தீவனக்காரர் பாக்கி, இடிப்புச் செலவு எல்லாவற்றுக்கும் உங்கள் கதவையும் தட்டுவார்கள். வராத இழப்பீட்டில் பாதியைக் கேட்கப் போய், வரப்போகும் செலவில் பாதியைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

லாபத்தில் பங்கு வாங்கியதால் நீங்கள் பங்காளி ஆகிவிட்டீர்களோ என்று பயப்படவும் வேண்டாம். லாபத்துக்கு ஏற்பக் கூடிக் குறையும் தொகையைப் பெறலாம் என்று எழுத்தில், கையொப்பத்தோடு கடன் கொடுத்தவர், அதனால் மட்டும் பங்காளி ஆவதில்லை என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் அதற்கு அடுத்த பிரிவையும் படியுங்கள்: மாமா திவாலானால், இப்படி லாபப் பங்கு வாங்கிக் கடன் கொடுத்தவர், கடன் கொடுத்த மற்றவர்களுக்கெல்லாம் பின்னால்தான் நிற்க வேண்டும்.

இன்னொன்று. குத்தகை நிலத்தை, நில ஆணையத்தின் ஒப்புதல் இல்லாமல் பிறரோடு பகிர்வதையோ உள்வாடகைக்கு விடுவதையோ குத்தகை நிபந்தனைகள் அனுமதிப்பதில்லை. உரிமமும் ஆளுக்குக் கொடுப்பது, கைமாற்றிக்கொள்ள முடியாது. நீதிமன்றத்தில் கொடுக்கும் சத்தியப் பிரமாணத்தில் "பாதி நிலம் எனக்கென்று பேசிக்கொண்டோம்" என்று நீங்கள் எழுதினால், விதியை மீறினோம் என்று இருவரும் கையெழுத்துப் போட்ட மாதிரி. 2014ல் நம் மேல்முறையீட்டு நீதிமன்றம், வங்கிக் கடன் வரம்பைத் தவிர்க்க முன்தேதியிட்ட ஒரு வீட்டு ஒப்பந்தத்தை நிறைவேற்ற மறுத்தது. விதியை ஏய்க்கச் செய்த ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு வருபவருக்கு நீதிமன்றம் எளிதில் கை கொடுக்காது.

இப்போது அந்த வாட்ஸ்அப். இந்தப் பதில் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

என்னிடம் வந்த ஒரு காய்கறிப் பண்ணைக்காரர், உறவினரிடம் கொடுத்த பணத்தைக் கேட்டு இதே மாதிரி செய்தி அனுப்பினார்: வெள்ளிக்கிழமைக்குள் பணம் வரவில்லையென்றால் அதிகாரிகளுக்குப் போன் போகும் என்று. பணம் நியாயமாக அவருக்குச் சேர வேண்டியதுதான். ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் சான்றாகவே அந்தச் செய்தியை வைத்தார். அதன் பிறகு வழக்கு கடனைப் பற்றியதாக இருக்கவில்லை. மிரட்டிப் பணம் பறிக்கப் பார்த்தாரா என்பதாக மாறிவிட்டது. போலிஸ் புகாருக்குப் பயந்து, கேட்டதைவிட மிகக் குறைவாக வாங்கிக்கொண்டு அவர் ஒதுங்கினார். இதே வழியில் விழுந்தவர்களை அதற்குப் பிறகும் பார்த்திருக்கிறேன். எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் கோபத்தில் இருந்தவர்கள்.

பணம் கொடுத்தால் புகார் செய்யமாட்டேன் என்று பேரம் பேசுவது தனியாகவே குற்றம் ஆகக்கூடும். "சமரசப் பேச்சு" என்று மேலே தலைப்புப் போட்டால் தப்பிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். மிரட்டலுக்கு அந்தத் தலைப்பு பாதுகாப்புத் தராது. நாளைக்கு மாமாவோடு சமரசம் எழுதும்போதும் "அதிகாரிகளிடம் போகமாட்டேன்" என்ற வரியைச் சேர்க்க விடாதீர்கள். அவர் தரப்பு கட்டாயம் கேட்கும். மறுத்துவிடுங்கள். அந்தத் தொழுவம் உங்கள் பணத்தில் எழுந்தது என்பதையும் மறக்க வேண்டாம். விசாரணை வந்தால் கேள்வி உங்களிடமும் வரும்.

ஆனால் மாடுகள் உண்மையிலேயே நோயிலோ பட்டினியிலோ வாடுகின்றன என்றால் இன்றே தேசியப் பூங்காக் கழகத்தின் ஏவிஎஸ் (விலங்கு, கால்நடை மருத்துவச் சேவை) பிரிவிடம் சொல்லுங்கள். மாமா இன்னும் "ஏவிஏ" (பழைய வேளாண் உணவு, கால்நடை மருத்துவ ஆணையம்) என்றுதான் சொல்வார். அது 2019லேயே கலைக்கப்பட்டு, உணவுப் பண்ணைகள் சிங்கப்பூர் உணவு அமைப்பிடமும் விலங்குகள் பூங்காக் கழகத்திடமும் போய்விட்டன. வாயில்லா ஜீவனுக்காகச் செய்யும் புகாரில் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரக்கூடாது. பணம் கேட்கும் கடிதத்தில் மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை வரக்கூடாது.

எவ்வளவு கேட்பது? நீங்கள் போட்ட கணக்கில் வட்டி, விட்டுப்போன பால் பணம் எல்லாம் சேர்ந்து 1,10,000ஐத் தாண்டுகிறது. அதைக் கேட்டால், கொடுத்ததற்கு மேல் வாங்கும் உரிமமில்லாத வட்டித் தொழில் என்று எதிர்வாதம் கிளம்பும். உறவினருக்கு ஒரே ஒரு முறை கொடுத்தவரை நீதிமன்றம் எளிதில் அப்படிச் சொல்லாது என்றாலும், அதை வாதாடி முடிப்பதற்குள் உங்கள் பணம் என் மாதிரி வழக்கறிஞர்களிடம் போய்விடும். அசலை மட்டும் கேளுங்கள். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்கு ஓடாதீர்கள், கைக்கடன் அங்கே எடுபடாது. 45,000 வெள்ளி மாஜிஸ்திரேட் நீதிமன்ற வரம்புக்குள் வருகிறது. ஆனால் அங்கும் போகாமல் முடியுங்கள் என்பதே என் ஆலோசனை. தவணையில் 40,000 கொடுக்கிறேன் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். மாடுகளையும் பால் கறக்கும் எந்திரங்களையும் விற்கும் சமயத்தில்தான் மாமாவிடம் காசு இருக்கும். இந்தத் தீவில் மாட்டுப் பண்ணைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, வாங்க ஆள் குறைவு, விலையும் அடிமாட்டு விலைதான் வரும். குத்தகை முடிந்து இடிப்புச் செலவும் கட்டிவிட்டால், தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் வசூலிப்பீர்கள்?

காலக்கெடுவையும் பாருங்கள். பண்ணையை விடும் நாளில் பணத்தைத் தருவதாகத்தான் தாள் சொல்கிறது. இருந்தும் 2020லேயே ஆறு ஆண்டுக் கணக்கு தொடங்கிவிட்டது என்று அவர் தரப்பு வாதிடும். கடன் இருப்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கும். ஆகவே இந்த வாரமே, உங்கள் அம்மா போய்ப் பேசினாலும் சரி, மாமாவிடம் ஒரு வரி வாங்குங்கள்: "2020ல் வாங்கிய 45,000 வெள்ளி இன்னும் பாக்கி." தேதியும் கையெழுத்தும் வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்தால் வாதாடிப் பார்க்கலாம், காகிதத்தில் வந்தால் வாதமே வேண்டாம். அதை வாங்கிய பிறகு மூலத் தாளோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். படத்தை அல்ல, தாளைக் கொண்டுபோங்கள்.