இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர் கிரீன் டீ குடிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. உடல் எடையைக் குறைக்கவும் சர்க்கரை நோய் வராமல் தடுக்கவும் ஆறு மாதங்களாகத் தினமும் நான்கு கோப்பை கிரீன் டீ குடித்து வருகிறேன். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, காலை உணவுடனும் மதிய உணவுடனும் ஒவ்வொன்று, இரவு உணவுக்குப் பின் ஒன்று. எடை ஒரு கிலோதான் குறைந்திருக்கிறது. ரத்தசோகைக்காகக் காலை உணவு முடிந்ததும் இரும்புச்சத்து மாத்திரை எடுத்தும் ஹீமோகுளோபின் 10-ஐத் தாண்டவில்லை. காலையில் குமட்டுகிறது, இரவில் தூக்கம் வர வெகு நேரமாகிறது. கிரீன் டீ சாறு அடங்கிய மாத்திரைக்கு மாறினால் சீக்கிரம் பலன் தெரியும் என்கிறார் என் தோழி. மாறலாமா?

பதில்: அந்த மாத்திரைக்கு மாற வேண்டாம். கிரீன் டீயை விடவும் வேண்டாம். ஆனால் அதைக் குடிக்கும் நேரங்களை நாளையே மாற்றிவிடுங்கள். நீங்கள் எழுதியவற்றில் எனக்கு அதிகக் கவலை தருவது எடையைவிட உங்கள் ஹீமோகுளோபின்தான் என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தேயிலையில் உள்ள, துவர்ப்பைத் தரும் பாலிஃபீனால்கள் என்ற பொருள்கள் இரும்பைக் கண்டால் பற்றிக்கொள்ளும் இயல்புடையவை. கரைத்த இரும்புச்சத்து மாத்திரையின் சில துளிகளைத் தேநீரில் விட்டுப் பார்த்தால், தெளிந்த மஞ்சள் நிறத்தில் இருந்த நீர் மை கலந்தாற்போல் கறுப்பதைக் காணலாம். ஏறத்தாழ இதே பிணைப்புதான் குடலிலும் நிகழ்கிறது. அப்படிப் பிணைந்துபோன இரும்பைக் குடல் எளிதில் உறிஞ்ச முடிவதில்லை. மாத்திரையில் உள்ள இரும்புக்கு மட்டுமன்றி, தானியம், பருப்பு, கீரை ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் இரும்புக்கும் இது பொருந்தும். இறைச்சியில் உள்ள இரும்பு ஓரளவு தப்பித்துக்கொள்கிறது. நீங்களோ உணவோடும் மாத்திரையோடும் சேர்த்தே தேநீர் அருந்துகிறீர்கள். ஆகவே, உணவுக்கும் தேநீருக்கும் இடையில் குறைந்தது ஒரு மணி நேரமும், இரும்புச்சத்து மாத்திரைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரமும் இடைவெளி விடுங்கள். வைட்டமின் சி இரும்பு உறிஞ்சப்படுவதற்கு உதவும் என்பதால், உணவோடு எலுமிச்சைச் சாறோ புளிப்பான பழமோ சேர்த்துக்கொள்ளலாம்.

இதோடு விஷயம் முடிந்துவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். 46 வயதுப் பெண்ணுக்கு மாத்திரை எடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், மாதவிடாயில் அதிக ரத்தம் போகிறதா, இரைப்பையிலோ குடலிலோ ரத்தக் கசிவு இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். பழியைத் தேநீர் மீது மட்டும் போட்டுவிட்டுக் காரணத்தைத் தேடாமல் இருப்பது, தேநீர் செய்யும் கெடுதலைவிடப் பெரியது. ஹீமோகுளோபினுடன் ஃபெரிட்டின் அளவையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். உடலின் இரும்புச் சேமிப்பு எவ்வளவு என்பதை அதுதான் காட்டும்.

இனி நன்மைகளுக்கு வருவோம். கிரீன் டீயும் வழக்கமான கறுப்புத் தேநீரும் ஒரே செடியின் இலைகள்தான். பறித்த இலையை உடனே ஆவியிலோ சூடான சட்டியிலோ வாட்டினால், இலையைக் கறுக்கச் செய்யும் நொதி செயலிழந்து, கேட்டசின்கள் எனப்படும் பாலிஃபீனால் வகைப் பொருள்கள் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடுகின்றன. அதுவே கிரீன் டீ. இந்தக் கேட்டசின்களைப் பற்றியே எல்லாப் புகழுரையும் சொல்லப்படுகிறது. ஜப்பானில் 40,000-க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், நாளொன்றுக்கு ஐந்து கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களிடம் இதய, ரத்தநாள நோய்களால் ஏற்படும் மரணம் குறைவாக இருந்தது. புற்றுநோய் மரணத்தில் அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. ஆனால் அது மக்களைக் கவனித்துப் பார்த்த ஆய்வு மட்டுமே. அதிகம் தேநீர் குடித்தவர்களின் பிற பழக்கங்களும் அந்தப் பலனில் கலந்திருக்கக்கூடும். குழுக்களாகப் பிரித்துச் சோதித்த ஆய்வுகளில் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். டெசிலிட்டருக்குச் சராசரியாக 4 முதல் 5 மில்லிகிராம் வரை குறைகிறது. உண்மையான பலன்தான், ஆனால் மருந்துக்கு மாற்றாகச் சொல்லுமளவு இல்லை.

எடை விஷயத்தில் பலன் இன்னும் சிறியது. உலகின் பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு, கிரீன் டீ தயாரிப்புகளால் ஏற்படும் எடைக் குறைவு மருத்துவரீதியில் பொருட்படுத்தத்தக்க அளவில் இல்லை என்று 2012-இல் முடிவு கண்டது. ரத்தச் சர்க்கரையிலும் அப்படியே: வெறும் வயிற்று அளவு சற்றுக் குறைவதாகச் சில ஆய்வுகள் காட்டினாலும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் தெளிவான மாற்றம் தெரியவில்லை. என் அனுபவத்தில், கிரீன் டீ குடித்து எடை குறைந்தது என்று சொல்பவர்களில் பலர், அதற்கு முன் சர்க்கரை போட்டு அருந்திய பானத்தை விட்டவர்கள். இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை சேர்த்த ஒரு கோப்பையில் அந்தச் சர்க்கரை மட்டுமே ஏறத்தாழ 30 கலோரி. நாளொன்றுக்கு நான்கு கோப்பை என்றால் 120 கலோரி. உங்கள் ஒரு கிலோவும் இப்படித்தான் குறைந்ததா என்று யோசித்துப் பாருங்கள். கிரீன் டீயில் தேனோ வெல்லமோ சேர்ப்பதாக இருந்தால் அந்த ஆதாயமும் போய்விடும்.

கிரீன் டீ சாறு மாத்திரை விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்கக் காரணம் உண்டு. கோப்பையில் இறங்குவது இலையின் ஒரு பகுதிச் சத்து. அதையும் நாள் முழுவதும் பிரித்துக் குடிக்கிறோம். செறிவூட்டிய சாறு மாத்திரையிலோ, ஈ.ஜி.சி.ஜி. என்ற முதன்மைக் கேட்டசின் ஒரே நேரத்தில் பெருமளவில் கல்லீரலைச் சென்றடைகிறது. வெறும் வயிற்றில் விழுங்கினால் அது ரத்தத்தில் கலக்கும் அளவு இன்னும் கூடும். இத்தகைய மாத்திரைகள் மூலம் நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈ.ஜி.சி.ஜி. எடுப்பவர்களிடம் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் ரத்தத்தில் உயர்வதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் அறிவித்தது. வழக்கமான முறையில் ஊறவைத்த தேநீரைப் பொதுவாகப் பாதுகாப்பானது என்றே அது கருதியது. சிலருக்கு மரபணு அமைப்பினாலேயே இந்தப் பாதிப்பு எளிதில் வருகிறது. யாருக்கு என்று முன்கூட்டி அறிய வீட்டில் வழியில்லை. தோழி ஏற்கனவே அந்த மாத்திரையை எடுத்துக்கொண்டிருந்தால், சிறுநீர் அடர் நிறமாவது, கண் மஞ்சளாவது, வலப்பக்க மேல்வயிற்றில் வலி ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

குமட்டலுக்கு வெறும் வயிற்றுக் கோப்பையும், தூக்கக் குறைவுக்கு இரவுக் கோப்பையும் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு கோப்பையில் சுமார் 30 மில்லிகிராம் காஃபின் இருக்கும். அதில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். எனவே முற்பகல் பதினொரு மணிக்கு ஒன்று, மாலை நான்கு மணிக்கு ஒன்று என இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தயாரிக்கும்போது, கொதித்த நீரை இறக்கிச் சில நிமிடம் ஆறவிட்டு, 80 டிகிரி அளவுக்கு வந்ததும் இரண்டு கிராம் இலையைப் போட்டு இரண்டு மூன்று நிமிடம் ஊறவையுங்கள். சுருண்டிருந்த இலை விரிந்து, நீர் வெளிர் மஞ்சளானதும் வடித்துவிடலாம். கொதிக்கக் கொதிக்க ஊறவைத்தால் கசப்பும் துவர்ப்பும் ஏறி, குமட்டல்தான் கூடும். மிகச் சூடாகவும் குடிக்க வேண்டாம்: 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பானங்கள் அருந்துவது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியுள்ளது.

வேறு மருந்துகள் எடுப்பதாக நீங்கள் எழுதவில்லை. எடுத்தால் மருத்துவரிடம் கிரீன் டீயையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் நாடோலால் என்ற மருந்து கிரீன் டீயுடன் சேர்ந்தால் ரத்தத்தில் கலக்கும் அளவு வெகுவாகக் குறைகிறது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் திடீரென்று அதிகமாகக் குடிக்கத் தொடங்குவதும் நல்லதல்ல. நேரங்களை மாற்றிய பின், இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் எடுத்து, நான்கு வாரம் கழித்து ஹீமோகுளோபினை மறுபடி பாருங்கள். அப்போதும் ஒரு புள்ளியாவது ஏறியிருக்காவிட்டால், முன்னும் பின்னும் எடுத்த பரிசோதனை அறிக்கைகள் இரண்டையும் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.