இரண்டு ஊசி, ஒரே நூல்: தோல் கைத்தையல் கேள்வி பதில்

வண்ணாரப்பேட்டையில் என் வீட்டு மாடியறையில் பதினான்கு ஆண்டுகளாகத் தோல் பொருள்களைக் கையால் தைத்து வருகிறேன். இது என் தொழில் அன்று. விடுமுறை நாள்களின் வேலை. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து இதைக் கற்க விரும்புவோர் அனுப்பிய கேள்விகளுக்கு, நானே செய்து பார்த்துத் தெரிந்துகொண்ட அளவில் இங்கே விடை எழுதுகிறேன்.

ஐயா, ஐம்பது கருவிகள் கொண்ட பெட்டி ஒன்றை இணையத்தில் விற்கிறார்கள். தொடக்கத்திலேயே வாங்கிவிடலாமா? (கல்லூரி மாணவர், கொருக்குப்பேட்டை)

வேண்டாம், தம்பி. அந்தப் பெட்டியில் பாதிக்கு மேற்பட்டவை துருப்பிடிக்கும் வரை பெட்டியிலேயே கிடக்கும். நல்ல கத்தி, எஃகு ஸ்கேல், 4 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள பல் உளி இரண்டு, குத்தூசி ஒன்று, முனை மழுங்கிய ஊசிகள், 0.8 மில்லிமீட்டர் மெழுகு நூல், மரச் சுத்தியல் ஆகியவை போதும். உளிகளில் ஒன்று நேர்கோட்டுக்கான ஆறு பல் உளியாகவும், மற்றது வளைவுக்கான இரண்டு பல் உளியாகவும் இருக்கட்டும். இரும்புச் சுத்தியலால் அடித்தால் உளியின் தலை நசுங்கிவிடும் என்பதால்தான் மரச் சுத்தியலைச் சொல்கிறேன். மிச்சப்படும் பணத்தைத் தோலுக்குச் செலவிடுங்கள்.

தோலை எங்கே, எப்படிப் பார்த்து வாங்குவது? (திருவொற்றியூர்)

நமக்குப் பெரியமேடு பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். கடைக்குப் போகும் முன் தடிமனை முடிவு செய்துகொள்ளுங்கள்: பர்ஸின் வெளிப்புறத்துக்கு 1 முதல் 1.2 மில்லிமீட்டர், உள்ளறைகளுக்கு 0.8, பெல்ட்டுக்கு 3.5 முதல் 4. பெல்ட்டுக்கான பட்டையை முதுகுப் பகுதியிலிருந்து நீளவாக்கில் வெட்ட வேண்டும். வயிற்றுப் பகுதித் தோல் இழுத்தால் நீளும் என்பதால், அதில் வெட்டிய பெல்ட் சில மாதங்களிலேயே தளர்ந்துவிடும்.

அடுத்ததாக, தோல் எதனால் பதனிடப்பட்டது என்று கேளுங்கள். குரோம் உப்பால் பதனிட்ட தோல் மென்மையானது, தண்ணீரையும் ஓரளவு தாங்கும். ஆனால் அதன் விளிம்பைத் தேய்த்து மெருகேற்ற முடியாது. மரப்பட்டைச் சாற்றால் பதனிட்ட தோல் விறைப்பாக இருக்கும், விளிம்பு கண்ணாடிபோல் மின்னும், கை பட்டுப்பட்டு நிறம் ஏறும். மேற்பூச்சு இல்லாத துண்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், பட்டைத் தோல் அதை உறிஞ்சி உடனே கருமை காட்டும். கைத்தையல் கற்பதற்கு இந்தத் தோலே ஏற்றது. ஒரு காலத்தில் சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறிய தோலும் இந்த வகைதான். ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, வெயிலில் சிவந்துபோகாமலிருக்கக் கடுக்காய்ச் சாற்றில் முடிப்பார்கள். வாட்டில் என்னும் மரத்தின் பட்டை போன்ற வேறு பட்டைகள் இன்று பெரிதும் புழக்கத்துக்கு வந்துவிட்டாலும், ஆவாரம்பட்டைத் தோல் கையில் கிடைத்தால் நான் இரண்டாம் யோசனை இல்லாமல் வாங்கிவிடுவேன்.

என் தையல் முன்பக்கம் ஒரு சீராகச் சாய்ந்திருக்கிறது. பின்பக்கமோ கோணல்மாணலாக விழுகிறது. என்ன தவறு செய்கிறேன்? (இல்லத்தரசி, பெரம்பூர்)

அம்மா, எனக்கு வந்த கேள்விகளில் இதுவே மிக முக்கியமானது. உளி குத்தும் துளை வட்டமானது அன்று, சாய்ந்த பிளவு. அந்தப் பிளவுக்குள் இரண்டு நூல்கள் போகின்றன. ஒரு துளையில் இடக்கை நூல் மேலேயும், அடுத்த துளையில் கீழேயும் அமைந்தால் வரிசை கெட்டுவிடும். ஆகவே எந்த ஊசி முதலில் நுழைய வேண்டும், இரண்டாவது ஊசி முதல் நூலுக்கு எந்தப் பக்கமாக நுழைய வேண்டும் என்ற இரண்டையும் தொடக்கத்திலேயே முடிவு செய்து, கடைசித் துளை வரை மாற்றாதீர்கள்.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். தைக்க வேண்டிய நீளத்தைப்போல் நான்கு மடங்கு நூலை வெட்டி, இரண்டு முனைகளிலும் ஊசி கோக்கிறேன். தோலை இரண்டு பலகைகளுக்கு இடையில் இறுக்கி, முழங்கால்களால் பிடித்துக்கொள்கிறேன். இடக்கை ஊசி முதலில் வருகிறது. அதன் நூலைச் சிறிது என் பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, அது விட்ட இடைவெளியில் வலக்கை ஊசியை நுழைக்கிறேன். அப்போது முதல் நூலை மெல்ல முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆடினால் ஊசி நூலைக் குத்தவில்லை என்று பொருள். பின்பக்கமும் சாய்வு வேண்டுமானால், ஊசியை முழுவதும் இழுக்கும் முன் அங்குள்ள நூலை அதன் மேல் ஒருமுறை போட்டுவிட்டு, பிறகு இரு கைகளாலும் ஒரே பலத்தில் இழுக்க வேண்டும். ஒரு துளையில் அதிகமாகவும் அடுத்ததில் குறைவாகவும் இழுத்தால், அந்த வேறுபாடு பல ஆண்டுகள் கழித்தும் கண்ணுக்குத் தெரியும்.

இயந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் தோலின் நடுவே ஒன்றையொன்று கொக்கிபோல் பிடித்துக்கொண்டிருக்கும். ஒன்று அறுந்தால் மற்றதும் வரிசையாக விட்டுப்போகும். நம் தையலில் நூல் இரு பக்கமும் துளைதோறும் கடந்து செல்வதால், ஓரிடத்தில் அறுந்தாலும் மற்ற தையல் நிற்கும். இவ்வளவு நேரத்தை ஏன் செலவிட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விடை இதுதான்.

புதுப் பர்ஸில் நீலக் கறுப்பாகப் புள்ளிகள் விழுந்துவிட்டன. பூஞ்சையா? (காசிமேடு)

பூஞ்சை அன்று, இரும்பு. பட்டைத் தோலிலுள்ள துவர்ப்புச் சத்து, ஈரத்தில் இரும்பைத் தொட்டால் மை போலக் கறுத்துவிடும். என் முதல் பெல்ட்டை நனைத்து வளைத்து, ஓர் இரவு இரும்புக் கிளிப் மாட்டி வைத்தேன்; காலையில் கிளிப்பின் வடிவம் அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. அன்று எனக்கு வந்த அழுகையை இன்றும் மறக்கவில்லை. எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீரில் கலந்து துணியால் ஒற்றினால் கறை வெகுவாக மங்கும். கடற்காற்று வீசும் நம் பகுதியில் குத்தூசியையும் உளியையும் வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள். பித்தளைக் கொக்கிகளையே பயன்படுத்துங்கள்.

உண்மையான பூஞ்சை ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் வரும். வெளியே கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விடுங்கள். பிளாஸ்டிக் உறையில் வைக்காமல் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

தோலைத் தொட்டு வேலை செய்வதை வீட்டுப் பெரியவர்கள் இழிவாகப் பேசுகிறார்கள். என்ன பதில் சொல்வது? (வியாசர்பாடி)

இந்தக் கேள்வியை எழுத உங்களுக்கு எவ்வளவு மனவருத்தம் இருந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. இந்த வேலையைச் சில சாதிகளின் தலையில் சுமத்தி, அவர்கள் தைத்த செருப்பை அணிந்துகொண்டே அவர்களைத் தள்ளி வைத்த ஊர்தான் நம் ஊர். இழிவு அந்தத் தள்ளிவைப்பில் இருந்ததே தவிர, தோலில் இருந்ததில்லை. குத்தூசியைப் பிடிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ராயபுரத்தில் நடைபாதையில் அமர்ந்து செருப்புத் தைக்கும் ஒரு பெரியவர். ஊசி எங்கே வெளியே வரும் என்று அவர் பார்க்கவே மாட்டார். விரல் நுனியே அறிந்துவிடும். நீங்களும் அப்படி ஒருவரிடம் கற்றுக்கொள்ளுங்கள், கற்ற நேரத்துக்கு உரிய கூலியைக் கேட்காமலே கொடுங்கள், வீட்டுப் பெரியவர்களிடம் அவரை உங்கள் ஆசிரியர் என்று சொல்லுங்கள்.

முதலில் எதைத் தைக்கலாம்? (தண்டையார்பேட்டை)

இரண்டு அட்டைகள் வைக்கும் சிறு உறை. மூன்று பக்கத் தையல், ஒரு மாலைப்பொழுது. விளிம்பிலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே கோடு போடுங்கள். உளியின் முதல் பல்லை முன்பு குத்திய கடைசித் துளையில் வைத்து அடுத்த வரிசையைக் குத்துங்கள். முடிக்கும்போது இரண்டு துளைகள் பின்னோக்கித் தைத்துவிட்டு நூலை வெட்டுங்கள்.