கொப்பியோடு போங்கள்

கேள்வி: கொழும்பில் எம்.ஃபில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். கொழுப்புணவு கொடுத்த எலிகளின் ஈரலில் இருந்து, கலத்துக்குச் சக்தி தயாரிக்கும் இழைமணிகளைப் பிரித்து, அவை ஒட்சிசன் எடுக்கும் வேகத்தை அளக்கிறேன். இழைமணி வேலை செய்யும்போது ஒட்சிசன் எடுக்கும் வேகம், சும்மா இருக்கும்போது எடுப்பதைப்போல் எத்தனை மடங்கு என்று சொல்லும் சுவாசக் கட்டுப்பாட்டு விகிதம் சாதாரண எலிகளில் ஐந்து வருகிறது. கொழுப்புணவு எலிகளில் இரண்டைத் தாண்டுவதில்லை. என் மேற்பார்வையாளர் இதயநோய் வைத்தியர். "நல்ல முடிவு, கட்டுரையை எழுதத் தொடங்குங்கோ" என்கிறார். எனக்கோ இந்த வித்தியாசத்தில் நம்பிக்கை வரவில்லை. சேரிடம் எப்படிச் சொல்வது, அக்கா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, உங்கள் சந்தேகம் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. முதலில் ஒன்று கேட்கிறேன். ஈரலை அரைக்கும் கரைசலில் அல்புமின் என்ற புரதத்தைச் சேர்க்கிறீர்களா? நீங்கள் அதை எழுதவில்லை.

இழைமணியின் உள்மென்சவ்வுக்கு இரு பக்கமும் உள்ள புரோத்தன் வேறுபாடுதான், கலம் சக்தியாகச் செலவழிக்கும் ஏ.டி.பி.யைத் தயாரிக்கும் விசை. 1961இல் பிரித்தானிய உயிர் இரசாயனவியலாளர் பீற்றர் மிச்செல் சொன்னது இதுதான். 1978இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. கொழுப்பமிலங்கள் அந்தப் புரோத்தன்களை உள்ளே கசியவிடும். கசிந்தால் வேலையில்லாமலே ஒட்சிசன் செலவாகும், உங்கள் விகிதம் சரியும். கொழுப்பேறிய ஈரலை அரைத்தால் கொழுப்பமிலம் நிறையவே வெளியே வரும். அப்படியென்றால் நீங்கள் அளந்த கோளாறு எலியின் உடம்பில் இருந்ததா, கண்ணாடிக் குழாயில் உண்டானதா? அல்புமின் அந்த அமிலங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரே ஈரலை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அல்புமினோடும் மறு பாதியை இல்லாமலும் அரைத்துப் பாருங்கள். அல்புமின் உள்ள பாதியில் விகிதம் நான்கு, ஐந்து என்று ஏறினால் கட்டுரையை நிறுத்திவைக்க வேண்டும். இரண்டிலேயே நின்றால் உங்கள் கை பலமாகிவிடும்.

அடுத்தது, தினமும் எந்த எலியை முதலில் அளக்கிறீர்கள்? இதை நான் கேட்கக் காரணம் உண்டு. என் முதல் வருடத்தில் சாதாரண எலியைக் காலையில் அளப்பேன். மற்ற எலியின் இழைமணிகளை ஐஸில் வைத்துவிட்டு, சாப்பிட்டு வந்து அளப்பேன். இழைமணி ஐஸில் இருந்தாலும் மணிக்கு மணி கெட்டுக்கொண்டே போகும். ஏழு மாதமாக நான் வரைந்த அழகான வரைபுகளில் இருந்தது பெரும்பாலும் அந்த மதியச் சாப்பாட்டு நேரம்தான். உள்ளுக்குள் உறுத்தியும் வாய் திறக்கவில்லை. ஒரு நாள் என் மேற்பார்வையாளர் தற்செயலாகக் கொப்பியைப் புரட்டி, ஓரத்தில் நான் குறித்திருந்த நேரங்களைப் பார்த்தார். இரண்டே நிமிடத்தில் விஷயம் வெளிவந்தது. மாநாட்டுக்கு அனுப்பிய சுருக்கத்தை மீளப் பெற்றோம். அவர் ஏசவில்லை. "இதை ஏன் பிள்ளை முதலே காட்டவில்லை?" என்று மட்டும் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

அதனால் வரைபை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், கொப்பியை எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் சேர் கிளினிக்கில் நாற்பது வயதிலேயே சீனியும் பிரஷரும் மாரடைப்பும் சேர்ந்து வரும் ஆட்களைப் பார்த்துப் பார்த்துக் களைத்தவராக இருப்பார். காரணத்தின் ஒரு நுனி கிடைத்ததென்று அவர் சந்தோஷப்படுவது நியாயமே. நோயாளியை அவருக்குத் தெரியும், அரைக்கும் குழாயை உங்களுக்குத்தான் தெரியும். "முடிவு பிழை சேர்" என்று தொடங்க வேண்டாம். "சேர், இதை ஒரு தடவை அல்புமினோடு செய்து பார்க்க வேணும், இன்னும் ஆறு எலி வேணும்" என்று கேளுங்கள். வார்டுக்குப் போகும் வழியில் மறித்துச் சொல்லாமல், அரை மணி நேரம் ஒதுக்கித் தரச் சொல்லி உட்கார்ந்து பேசுங்கள். உயிர் இரசாயனம் தெரிந்த ஒருவரை இணை மேற்பார்வையாளராகச் சேர்க்கலாமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். அவருக்கும் அது உதவிதான்.

அல்புமினைப் பக்கத்து ஆய்வுகூடத்தில் கடன் வாங்கினால் போத்தல் லேபிளை வாசியுங்கள். கொழுப்பமிலம் நீக்கியது என்று அதில் இருக்க வேண்டும். சாதாரண அல்புமின் ஏற்கெனவே கொழுப்பமிலத்தைச் சுமந்துகொண்டுதான் வரும்.