பழைய ஹோஸை மாற்றிவிட்டு மெஷினை ஓட்டுங்கள், தம்பி

வெளிநாட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, வாடகை வீட்டில் முன்பு இருந்தவர் விட்டுப்போன வாஷிங் மெஷின் இருக்கிறது, குழாயிலிருந்து அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் ஹோஸ் பழையதாகத் தெரிகிறது, மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே எந்தச் சோப்புத்தூள் நல்லது, வீட்டுக்குள் துணி காய எவ்வளவு நேரம் ஆகும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதெல்லாம் இரண்டு வாரத்தில் நீங்களே தெரிந்துகொள்வீர்கள். ஹோஸ் விஷயம் அப்படி இல்லை. மாற்றுங்கள். இந்த வாரமே மாற்றுங்கள்.

நான் வந்த புதிதில் மூன்று பேர் சேர்ந்து மூன்றாவது மாடியில் இருந்தோம். எங்களுக்கும் இதே போல யாரோ விட்டுப்போன மெஷின்தான். சாம்பல் நிற ரப்பர் ஹோஸ். குழாயில் மாட்டியிருந்த முனைக்குப் பக்கத்தில் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு புடைப்பு இருந்தது. ஒருநாள் அதை அழுத்திப் பார்த்தேன், மெத்தென்று இருந்தது. என்னவென்று தெரியவில்லை, விட்டுவிட்டேன். பத்து நாள் கழித்து மூன்று பேரும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அது வெடித்தது. மாலையில் திரும்பி வரும்போது இரண்டாவது மாடிப் படிக்கட்டில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

கீழ்வீட்டில் தனியாக இருந்த வயதான அம்மா ஒருவர் வாசலில் பழைய ஆல்பங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு நின்றார். எங்களைத் திட்டவில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட படங்களை நகத்தால் மெல்லப் பிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய கல்யாணப் படத்தில் முகம் இருந்த இடம் எதிர்ப் பக்கத்தோடு போய்விட்டது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து இரவு வரை பிரித்துக் கொடுத்தேன். எங்கள் முன்பணம் முழுவதும் போனது. பணத்தைப் பிறகு சம்பாதித்துவிட்டேன்.

மெஷின் ஓடாதபோது ஹோஸுக்கு வேலை இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். தண்ணீரை நிறுத்தும் வால்வு மெஷினுக்குள் இருக்கிறது. குழாய் திறந்தே இருந்தால், நீங்கள் தூங்கும்போதும் வேலைக்குப் போயிருக்கும்போதும் முழு அழுத்தத்தையும் தாங்கிக்கொண்டிருப்பது அந்த ஹோஸ்தான். தண்ணீர் பிடித்து முடிக்கும்போது சுவரில் ‘டங்’ என்று சத்தம் கேட்கும், கவனித்திருப்பீர்கள். வால்வு சட்டென்று மூடுவதால் வரும் அடி அது. ஒவ்வொரு முறையும் அந்த அடி ஹோஸிலும் விழுகிறது. ஹோஸ் வெடித்துவிட்டால் நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று வைத்தாலே, எட்டு மணி நேரத்தில் 4,800 லிட்டர் வீட்டுக்குள் கொட்டிவிடும்.

அதனால் துவைத்து முடித்ததும் குழாயை மூடுங்கள். நான் இத்தனை வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

உங்கள் அறை நண்பர் ‘பதினைந்து வருடமாக இருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்றாராம். முன்னால் வந்தவர்களில் இப்படிப் பேசுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் அவர்களைத்தான் நம்புகிறார்கள், எனக்கு அதுதான் வருத்தம். புது மெஷின் வாங்கியும் பழைய ஹோஸையே கழற்றி மாட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். புது ஹோஸ் தொகுப்பைத்தான் பயன்படுத்த வேண்டும், பழையதை மறுபடி மாட்டக்கூடாது என்று மெஷினோடு வரும் கையேட்டிலேயே போட்டிருக்கும். ரப்பர் ஹோஸ் நன்றாகத் தெரிந்தாலும் 3 முதல் 5 ஆண்டுக்குள் மாற்றிவிட வேண்டும். புடைப்பு, வளைத்தால் தெரியும் வெடிப்பு, முனை வளையத்தில் துரு, இவற்றில் ஒன்று இருந்தாலும் நாள் கணக்குப் பார்க்காதீர்கள். எஃகுக் கம்பி பின்னிய ஹோஸ் கூடுதலாகத் தாங்கும். ஆனால் உள்ளே இருப்பது ரப்பரோ பிளாஸ்டிக்கோதான், அதுவும் ஒருநாள் நைந்துபோகும்.

வாடகை வீடு என்பதால் முதலில் ஹோஸின் இரண்டு முனைகளையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு எழுதிப் போடுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று பயப்பட வேண்டாம். எழுத்தில் இருப்பது உங்களுக்கு நல்லது. நாங்கள் அப்படி ஒரு வரி எழுதியிருந்தால் முன்பணத்தில் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

நீங்களே மாற்றுவதாக இருந்தால் அரை மணி நேர வேலை. பிளக்கைப் பிடுங்குங்கள், குழாய்களை மூடுங்கள். பழைய குழாய் திருக வரவில்லை என்றால் பலம் போடாதீர்கள், உடைந்தால் கட்டிடத்துக்கே தண்ணீரை நிறுத்த வேண்டிவரும். அங்கே பிளம்பரைக் கூப்பிடுங்கள். ஹோஸைக் கழற்றும்போது உள்ளே தேங்கியது கொட்டும், வாளியும் பழைய துண்டும் பக்கத்தில் இருக்கட்டும். சுடுநீர், குளிர்நீர் என்று இரண்டு ஹோஸ் இருந்தால் எது எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். மெஷினில் தண்ணீர் நுழையும் வாயில் ஒரு சின்ன வலை இருக்கும், மணலும் துருவும் அதில் அடைத்திருக்கும். அதை எடுத்துக் கழுவிப் போடுங்கள்.

புது ஹோஸின் இரண்டு முனையிலும் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். தண்ணீரை அடைப்பது அந்த வாஷர்தான், மரையில் டெஃப்லான் டேப் (பிளம்பர்கள் சுற்றும் மெல்லிய வெள்ளை டேப்) சுற்றத் தேவையில்லை. கையாலேயே மரையை ஏற்றுங்கள். கோணலாக ஏறினால் கழற்றி மறுபடி தொடங்குங்கள். கை இறுக்கம் முடிந்ததும் ஸ்பேனரில் கால் சுற்று, அவ்வளவுதான். அதற்கு மேல் இறுக்கினால் வாஷர் நசுங்கி அங்கேயே கசியும்.

நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. வேறு நாட்டிலிருந்து ஹோஸ் கொண்டுவந்து மாட்டாதீர்கள். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் முக்கால் அங்குலம் என்றுதான் சொல்வார்கள், ஆனால் மரை வேறு. வட அமெரிக்காவில் அங்குலத்துக்கு 11.5 மரை, ஐரோப்பாவில் 14. இரண்டு சுற்று ஏறிவிட்டுச் சிக்கிக்கொள்ளும், பலம் போட்டால் இரண்டும் கெட்டுவிடும்.

மெஷினைத் தள்ளி வைக்கும்போது சுவரோடு ஒட்டாதீர்கள், ஒரு சாண் இடம் விடுங்கள். ஹோஸ் மடிந்தால் மடிந்த இடத்திலேயே வெடிப்பு விடும். அப்புறம் குழாயைத் திறந்துவிட்டு இணைப்பைச் சுற்றி உலர்ந்த டிஷ்யூ காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவு காகிதத்தில் தெரியும். ஒரு முறை துவைத்த பிறகும், மறுநாள் காலையிலும் இதையே செய்யுங்கள்.

இதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்த பிளம்பரின் பக்கத்தில் நின்று கற்றது. பாஷை பாதிதான் புரிந்தது, கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அதற்கு அடுத்த மாதம் வாங்கிய முதல் சம்பளத்தில் ஒரு ஸ்பேனர் வாங்கிக்கொண்டு கீழ்வீட்டு அம்மாவிடம் போய், உங்கள் ஹோஸைப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். அவருடையது எங்களுடையதைவிடப் பழையது. மாற்றிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் வேலைக்குப் போகும் வழியில் கதவைத் தட்டினேன். சொல்லிக் கொடுத்தபடி துடைத்த டிஷ்யூவைக் கையிலேயே வைத்திருந்தார், காட்டினார். ஈரம் இல்லை.

உங்கள் ஹோஸின் படம் எடுத்ததும் எனக்கும் ஒன்று அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை குழாய் மூடியே இருக்கட்டும்.