புது புராசஸர்: எந்தப் படியில் நிற்பது, எப்போது வாங்குவது?

கேள்வி: ஏஎம்டியின் ரைசன் 5 9600எக்ஸ் புராசஸர் 279 டாலருக்கு வெளிவந்தது என்கிறார்கள். இங்கே கடைக்காரர் அதைவிடக் கூடுதலாகக் கேட்கிறார். சரிதானா?

பதில்: அந்த 279 டாலரில் வரி சேரவில்லை. நம் ஊரில் புராசஸருக்கு 18% ஜிஎஸ்டி உண்டு. டாலரை 90 ரூபாய் என்று வைத்தால் 25,110 ரூபாய், வரியோடு சுமார் 29,630. கடைக்காரர் சொல்லும் விலையை இந்தத் தொகையோடுதான் ஒப்பிட வேண்டும்.

கேள்வி: வெளிவந்ததுமே வாங்கலாமா?

பதில்: அவசரம் இல்லையென்றால் வேண்டாம். இன்டெல், ஏஎம்டி இரண்டு நிறுவனங்களுமே விலை கூடிய ரகங்களைத்தான் முதலில் இறக்குகின்றன. இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறைகளிலும் கோர் அல்ட்ரா 200 வரிசையிலும் 'கே' ரகங்கள் (வேகத்தை நாமே கூட்டிக்கொள்ளக்கூடியவை) அக்டோபர், நவம்பரில் வந்தன. சாதாரண ரகங்கள் அடுத்த ஜனவரியில்தான் வந்தன.

ஏஎம்டியிலும் அப்படியே. 2022 செப்டம்பரில் ரைசன் 5 7600எக்ஸ் 299 டாலர், கூலர் (புராசஸரைக் குளிர்விக்கும் விசிறி) கிடையாது. 2023 ஜனவரியில் 7600 வந்தது: 229 டாலர், கூலரும் பெட்டிக்குள்ளேயே. இரண்டிலும் 6 கோர் (கணக்கிடும் பகுதி), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்), 32 எம்பி எல்3 கேச் (அடிக்கடி தேவைப்படும் தகவலைப் புராசஸருக்குள்ளேயே வைக்கும் நினைவகம்). உச்ச வேகம் 7600எக்ஸில் 5.3 கிகாஹெர்ட்ஸ், 7600இல் 5.1. அந்த 0.2 கிகாஹெர்ட்ஸுக்காக 70 டாலரும் கூலர் செலவும் கொடுத்தவர்கள், நான்கு மாதம் பொறுக்காதவர்கள்தாம்.

கேள்வி: கேம் ஆடத்தான் முக்கியமாக வாங்குகிறேன், எப்போதாவது வீடியோ எடிட்டிங். ரைசன் 9 எடுத்தால் நீண்ட நாள் தாங்குமா?

பதில்: பெயரில் உள்ள 5, 7, 9ஐப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 9000 வரிசையில் ஒரு சில்லில் 8 கோர்கள். 9700எக்ஸில் எட்டும் வேலை செய்யும், 9600எக்ஸில் ஆறு. 9900எக்ஸ் என்பது ஆறாறு கோர்களோடு இரண்டு சில்லுகள். 9950எக்ஸ் எட்டெட்டாக இரண்டு. ஒரு சில்லிலிருந்து மற்றதற்குத் தகவல் போய்வரத் தாமதமாகும். பெரும்பாலான கேம்கள் 8 கோருக்கு மேல் பெரிதாகப் பயன்படுத்துவதும் இல்லை.

கேமுக்கு உதவுவது கேச். 479 டாலருக்கு வந்த 9800எக்ஸ்3டியில் 96 எம்பி எல்3 கேச் இருக்கிறது. 649 டாலருக்கு வந்த 9950எக்ஸை அது கேமில் முந்துகிறது. ஆனால் நடுத்தர கிராபிக்ஸ் கார்டில் 1440பி, 4கே திரைத்தெளிவில் ஆடுபவருக்கு அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, கார்டுதான் முதலில் திணறும். அவர் 9600எக்ஸோடு நின்று, அறிமுக விலைப்படி மிச்சமாகும் 200 டாலரைக் கார்டில் போடுவதே நல்லது. ரைசன் 9, தினமும் 3டி ரெண்டரிங்கோ பெரிய மென்பொருள் கோடு கம்பைலோ ஓட்டுபவருக்கானது.

இன்டெல் பக்கம் போனால் பெயரின் கடைசியில் 'எஃப்' எழுத்து இருக்கிறதா என்று கவனியுங்கள். அதில் உள் கிராபிக்ஸ் இல்லை. வீடியோவை வேகமாகக் கையாண்டு எடிட்டிங்கில் கைகொடுக்கும் குவிக் சிங்க் வசதியும் அதோடு போய்விடும். கார்டு பழுதானால் திரையில் ஒன்றும் வராது.

கேள்வி: பி650 மதர்போர்டில் 9600எக்ஸ் பூட்டினேன். விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. புராசஸர் பழுதா?

பதில்: பத்து நிமிடம் அணைக்காமல் விடுங்கள். டிடிஆர்5 ரேமை முதல் முறை சரிபார்த்துக்கொள்ள போர்டுக்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதற்குப் பிறகும் வராவிட்டால் பயாஸ் (போர்டை இயங்கத் தொடங்கவைக்கும் மென்பொருள்) பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம். பி650 போர்டுகள் 2022இலேயே வந்தவை, 9000 வரிசை 2024 ஆகஸ்டில்தான் வந்தது. கடையில் கிடந்த போர்டுக்கு அதை அடையாளம் தெரியாது.

போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் இருந்தால் புராசஸர் இல்லாமலே புதுப்பிக்கலாம். தயாரிப்பாளர் தளத்திலிருந்து புதிய பயாஸை இறக்கி, ஃபேட்32ஆக ஃபார்மட் செய்த பென் டிரைவில் போடுங்கள். கோப்பின் பெயரைக் கையேட்டில் உள்ளபடி மாற்றி, குறியிட்ட யுஎஸ்பி துளையில் செருகிப் பொத்தானை அழுத்துங்கள். விளக்கு மினுக்குவது நிற்கும்வரை மின்சாரம் போகக்கூடாது. பொத்தான் இல்லாத போர்டு என்றால் 7000 வரிசை புராசஸரைப் பொருத்தித்தான் புதுப்பிக்க முடியும். விற்ற கடையிலேயே செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: பெட்டி இல்லாத 'டிரே' புராசஸரை மலிவாகத் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: டிரே, கணினி தயாரிப்பவர்களுக்காக மொத்தமாகப் போகும் சரக்கு. பெட்டிச் சரக்குக்குத் தயாரிப்பாளர் நேரடியாகத் தரும் 3 ஆண்டு வாரன்டி இதற்குக் கிடைக்காது, கடைக்காரர் வாக்குதான். கூலரும் வராது. கூலர் விலையைக் கூட்டிய பிறகும் நன்றாகவே மலிவாக இருந்தால் மட்டும் எடுங்கள். சீரியல் எண்ணையும் வாரன்டிக் காலத்தையும் ஜிஎஸ்டி பில்லில் எழுதி வாங்குங்கள். ஏஎம்4 (ஏஎம்டியின் பழைய சாக்கெட்) ரகம் என்றால் பின்கள் புராசஸரிலேயே இருக்கும், காசு கொடுக்குமுன் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து ஒன்றும் வளையவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.