தேங்க்ஸ்கிவிங் (அமெரிக்காவின் நன்றி கூறும் விருந்து நாள்) வான்கோழிக்கான ஸ்டஃபிங், அதாவது பிரெட்டும் மூலிகையும் சேர்ந்த கலவை, ஏன் கூழாகிறது? அதைப் பறவைக்குள் அடைத்துச் சுட வேண்டுமா, தனியாகவா?

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. இரண்டாவதற்குப் பதில் சுலபம்: தனியாக, ட்ரேயில் சுடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். கூழாவதற்குக் காரணம் பெரும்பாலும் பிரெட்டில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீர்.

கடையில் வாங்கும் வெள்ளை பிரெட்டின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதை அப்படியே துண்டு போட்டு ஸ்டாக் (கறியோ காய்கறியோ வேகவைத்து வடித்த சாறு) ஊற்றினால், உள்ளே போக இடமில்லாமல் ஸ்டாக் மேலேயே தங்கித் துண்டின் ஓரங்களைக் கரைக்கும். வெளியே கொழகொழ, நடுவில் சப்பென்ற பிரெட். இருக்கிற தண்ணீரை முதலில் வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் ருசியான ஸ்டாக்கை ஏற்ற வேண்டும். ஸ்டஃபிங்கில் மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இரண்டு நாள் பழைய பிரெட் போதும் என்று பலர் சொல்வார்கள். போதாது. பைக்குள் கிடந்த பிரெட் விறைக்கிறதே தவிர உலர்வதில்லை. மாவுச்சத்து இறுகுவதால் வருகிற விறைப்பு அது. சூடு பட்டதும் திரும்ப இளகிவிடும். அவனில் (ஓவன் அடுப்பில்) வைத்து உலர்த்தினால்தான் ஈரம் உண்மையிலேயே போகும்.

8 முதல் 10 பேருக்கு, 9க்கு 13 அங்குல ட்ரேக்கு அளவு இது:

பிரெட் 450 கிராம்
வெண்ணெய் 115 கிராம் (அமெரிக்கக் கடையில் ஒரு முழு ஸ்டிக்), ட்ரேயில் தடவக் கொஞ்சம் தனியாக
பெரிய வெங்காயம் 2, பொடியாக நறுக்கினால் இரண்டரை கப் வரும்
செலரி 4 தண்டு, நறுக்கினால் ஒன்றரை கப்
பூண்டு 3 பல்
சேஜ் இலை நறுக்கியது 2 மேசைக்கரண்டி, தைம் 1 மேசைக்கரண்டி, பார்ஸ்லி அரை கப்
உப்புக் குறைவான ஸ்டாக் இரண்டரை கப் (600 மி.லி.), கைவசம் இன்னும் அரை கப்
முட்டை 2
தூள் உப்பு 1 தேக்கரண்டி, மிளகுத்தூள் 1 தேக்கரண்டி

செலரி கட்டாகத்தான் விற்கும். 4 தண்டு என்றால் அந்தக் கட்டிலிருந்து பிரித்த 4 தண்டுகள். 4 கட்டு அல்ல. உள்ளே இருக்கும் வெளிர் இலைகளையும் நறுக்கிச் சேர்க்கலாம், மணம் அதில்தான் அதிகம்.

பிரெட்டை 2 செ.மீ. துண்டுகளாக வெட்டி, இரண்டு தட்டுகளில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, 275 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (135 செல்சியஸ்) 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை வையுங்கள். நடுவில் ஒருமுறை புரட்டிவிட்டு, தட்டுகளை மேலும் கீழும் மாற்றுங்கள். சிவக்கத் தேவையில்லை, காய்ந்தால் போதும். ஒரு துண்டை எடுத்து ஆறவிட்டு விரலால் அழுத்திப் பாருங்கள். நொறுங்கித் தூளாக வேண்டும். நடுவில் மெத்தென்று அமுங்கினால் இன்னும் 10 நிமிடம். சமையலறைத் தராசு இருந்தால் இன்னும் நல்லது: 450 கிராம் பிரெட் காய்ந்த பிறகு 350 கிராமுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும்.

எந்த பிரெட்? சாதாரண வெள்ளை சாண்ட்விச் பிரெட் அல்லது பிரெஞ்சு, இத்தாலிய லோஃப் என் முதல் தேர்வு. சோர்டோ (புளித்த மாவில் செய்யும் பிரெட்) நன்றாக வரும், ஆனால் புளிப்பு தெரியும், ஓரம் கடிக்கக் கடினமாக இருக்கும். கெட்டியான ஓரத்தை வெட்டிவிடுங்கள். பிரியோஷும் ஹவாயியன் ரோலும் வேண்டாம், இனிப்பு சேஜுக்கு எதிராக நிற்கும். உலர்ந்த துண்டுகளாகவே பாக்கெட்டில் வருவதை வாங்கினால் 320 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். மசாலா சேர்த்தது என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் அதில் உப்பும் இருக்கும், மேற்கண்ட உப்பைப் பாதியாக்குங்கள்.

பிரெட் உலரும் நேரத்தில் வெண்ணெயை அகலமான வாணலியில் மிதமான சூட்டில் உருக்கி, வெங்காயம், செலரி, உப்பு மூன்றையும் ஒன்றாகப் போட்டு 10 முதல் 12 நிமிடம் வதக்குங்கள். வெங்காயம் கண்ணாடி போலானதும் நிறுத்திவிடுவதுதான் பலர் செய்வது. செலரிக்கு அது போதாது. ஒரு செலரித் துண்டை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நறுக்கென்று சத்தம் வந்தால் இன்னும் வேகவில்லை. அவனில் போனாலும் அது வேகாது, மிருதுவான பிரெட்டுக்கு நடுவே பல்லில் தட்டுப்படும். கடைசி ஒரு நிமிடம் பூண்டு, சேஜ், தைம். சேஜ் கருகினால் கசக்கும், அதனால் முதலிலேயே போட வேண்டாம். பார்ஸ்லியைப் பச்சையாகவே கலக்கும்போது போடலாம். உலர்ந்த மூலிகை என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். சேஜ் குப்பியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பழைய வைக்கோல் வாசம் அடித்தால் புதிதாக வாங்கிவிடுங்கள், இந்தப் பதார்த்தத்தின் அடையாளமே சேஜ்தான். நியூ இங்கிலாந்துப் பக்கம் (அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்கள்) பலரும் இதற்குப் பதில் பெல்ஸ் சீஸனிங் என்ற மூலிகைப் பொடியைப் போடுவார்கள். 1867இல் பாஸ்டனில் தொடங்கியது அது. சேஜ், தைம், ரோஸ்மேரியோடு கொஞ்சம் இஞ்சியும் இருக்கும்.

வெண்ணெயைக் குறைக்க வேண்டாம் என்பேன். விருந்து நாளுக்கான பதார்த்தம். ஸ்டாக்கில் வராத ருசியை வெண்ணெய்தான் துண்டுக்குத் துண்டு கொண்டுசேர்க்கிறது.

ஸ்டாக்குக்கு வான்கோழியிலேயே வழி இருக்கிறது. வயிற்றுக்குள் அல்லது கழுத்துப் பக்கம் ஒரு சின்னப் பையில் கழுத்து, இதயம், இரைப்பை, ஈரல் இருக்கும். ஈரலை எடுத்துவிடுங்கள், ஸ்டாக்கைக் கசப்பாக்கும். மற்றவற்றை ஒரு வெங்காயம், ஒரு கேரட், ஒரு பிரிஞ்சி இலையோடு ஒன்றரை லிட்டர் தண்ணீரில், லேசாகக் குமிழி வருமளவு சூட்டில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் வையுங்கள். ஏறக்குறைய ஒரு லிட்டர் மிஞ்சும். ஸ்டஃபிங் போக மீதி கிரேவிக்கு. நேரமில்லை என்றால் டப்பா ஸ்டாக் போதும், ஆனால் உப்புக் குறைவானதாக இருக்கட்டும். சாதாரண டப்பா ஸ்டாக் அவனில் வற்றும்போது உப்பு ஏறிவிடும்.

இனிக் கலக்குவது. பெரிய பாத்திரத்தில் உலர்ந்த பிரெட், வதக்கியது, பார்ஸ்லி, மிளகு போட்டுப் புரட்டி, இந்தக் கட்டத்திலேயே ருசி பார்த்துவிடுங்கள். முட்டை சேர்த்த பிறகு பச்சையாக ருசி பார்க்க முடியாது. முட்டைகளை ஒன்றேகால் கப் ஸ்டாக்கில் அடித்துக்கொள்ளுங்கள். ஸ்டாக் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், கொதித்தால் முட்டை திரிந்துவிடும். அதை முதலில் ஊற்றி, இரண்டு கையாலும் அடியிலிருந்து மேலே தூக்கிப் போட்டுக் கலக்குங்கள். உப்புமா கிண்டுவது போலக் கரண்டியால் கிண்டினால் கிடைப்பது கூழ்தான். மீதி ஒன்றேகால் கப்பைக் கால் கால் கப்பாக ஊற்றுங்கள். பிறகு 10 நிமிடம் சும்மா விடுங்கள். இந்தக் காத்திருப்பைத் தவிர்ப்பதால்தான் பலருக்கு அளவு தவறுகிறது: உலர்ந்த பிரெட் மெதுவாகத்தான் குடிக்கும், அதற்குள் காய்ந்திருக்கிறதே என்று இன்னொரு கப் ஊற்றிவிடுவார்கள்.

10 நிமிடம் கழித்து ஒரு துண்டைப் பிட்டுப் பாருங்கள். நடுவரை ஈரம் ஏறியிருக்க வேண்டும், ஆனால் துண்டு தன் வடிவத்தில் நிற்க வேண்டும். நடுவில் வெள்ளையாகக் காய்ந்த புள்ளி இருந்தால் இன்னும் கால் கப். அழுத்தினால் ஸ்டாக் சொட்டினாலோ, பாத்திரத்தின் அடியில் தேங்கினாலோ அதிகம்; கொஞ்சம் உலர்ந்த பிரெட் கைவசம் இருந்தால் சேருங்கள், இல்லாவிட்டால் மூடாமல் சுடும் நேரத்தைக் கூட்டுங்கள்.

வெண்ணெய் தடவிய ட்ரேயில் அழுத்தாமல் தளர்வாகக் கொட்டி, அலுமினியத் தாளால் மூடி, 350 டிகிரியில் (177 செல்சியஸ்) 35 நிமிடம். தாளை எடுத்துவிட்டு இன்னும் 25 முதல் 30 நிமிடம், மேல் துண்டுகளின் முனைகள் பொன்னிறமாகும் வரை. நடுவில் வெப்பமானி செருகினால் 165 டிகிரி (74 செல்சியஸ்) காட்ட வேண்டும். மேலே மொறுமொறுப்பு, கீழே மெத்தென்று இருப்பதற்கு இந்த இரண்டு கட்டமும் தேவை. முதலிலிருந்தே திறந்து வைத்தால் உள்ளே சூடாவதற்குள் மேலே கட்டையாகிவிடும்.

இப்போது பறவைக்குள் வைக்கும் விஷயம். வான்கோழி வேகும்போது அதன் சாறு உள்ளே இருக்கும் ஸ்டஃபிங்கில் இறங்குகிறது. ருசி அதனால்தான், ஆபத்தும் அதனால்தான். பச்சைக் கறியின் கிருமிகள் சாற்றோடு பிரெட்டுக்குப் போகின்றன, அந்த பிரெட்டோ பறவையிலேயே கடைசியாகச் சூடாகும் இடத்தில் இருக்கிறது. அதனால்தான் கறியோடு ஸ்டஃபிங்கின் நடுப்பகுதியும் 165 டிகிரி தொட வேண்டும் என்று அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது. அது தொடுவதற்குள் நெஞ்சுக்கறி எல்லை தாண்டி வெந்து பஞ்சு போல் வறண்டுவிடும். ஸ்டஃபிங்கை எடுத்துவிட்டால் 12 முதல் 14 பவுண்டுப் பறவை (ஐந்தரை முதல் ஆறரை கிலோ) 325 டிகிரியில் சுமார் 3 முதல் மூன்றே முக்கால் மணி நேரத்தில் வெந்துவிடும். அடைத்தால் மூன்றரை முதல் 4 மணி நேரம்.

வீட்டில் பெரியவர்களோ நண்பர்களோ உள்ளே வைத்தால்தான் ஆயிற்று என்றால் இப்படிச் செய்யுங்கள். பறவை உள்ளே ஐஸ் இல்லாமல் முழுக்க உருகியிருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் ஒவ்வொரு 4, 5 பவுண்டுக்கும் ஒரு நாள் ஆகும். ஒரு பவுண்டுக்கு முக்கால் கப்புக்கு மேல் வைக்காதீர்கள், அதுவும் தளர்வாக. இறுக்கினால் சூடு நடுவுக்குப் போகாது, முட்டையும் பிரெட்டும் வீங்கிக் களியாகிவிடும். சூடாகக் கலந்து, சூட்டோடு அடைத்து, உடனே 325 டிகிரிக்குக் (163 செல்சியஸ்) குறையாத அவனில் வையுங்கள். முந்தின இரவே அடைத்து ஃபிரிட்ஜில் வைப்பது கூடவே கூடாது. வெந்த பிறகு 20 நிமிடம் ஆறவிட்டு எடுங்கள்.

ட்ரேயில் சுட்டால் அந்தச் சாற்று ருசி போய்விடுமே என்ற கவலைக்கு வழி இருக்கிறது. வான்கோழித் தட்டில் வடிந்திருக்கும் கொழுப்பும் சாறும் 4, 5 மேசைக்கரண்டி எடுத்து, அலுமினியத் தாளைப் பிரிக்கும் நேரத்தில் ஸ்டஃபிங்கின் மேலே பரவலாக ஊற்றுங்கள். அந்த மேல்பகுதிதான் மேசையில் முதலில் தீரும்.

ஒரே அவன்தான் என்றால் நேரக் கணக்கு முக்கியம். தேங்க்ஸ்கிவிங் எப்போதும் நவம்பர் நான்காம் வியாழன். செவ்வாயன்றே பிரெட்டை உலர்த்திக் காற்றுப் புகாத பையில் வையுங்கள். புதனன்று வதக்கியதும் ஸ்டாக்கும் தயார் செய்து ஃபிரிட்ஜில் தனித்தனியாக. ஈரமும் பிரெட்டும் வியாழனன்று சுடுவதற்குச் சற்று முன்தான் சேர வேண்டும். கலந்து வைத்த பச்சை ஸ்டஃபிங்கை ஃபிரிட்ஜில் தூங்கவிடக் கூடாது. வான்கோழி வெளியே வர 40 நிமிடம் இருக்கும்போது மூடிய ட்ரேயை அதே அவனில், அதே 325இல் வைத்துவிடுங்கள். வான்கோழி வெளியே வந்து ஆறும் அரை மணி நேரம் அவன் உங்களுடையது: 400 டிகிரிக்கு (205 செல்சியஸ்) ஏற்றி, தாளை எடுத்துவிட்டு மேலே சிவக்கவிடுங்கள்.

கறி சேர்ப்பதென்றால் 450 கிராம் சாசேஜை உறை நீக்கி உதிர்த்து, முழுக்க வேகும்வரை வறுத்த பிறகே கலக்க வேண்டும். பன்றிக்கறி சாப்பிடாத வீடுகளில் சிக்கன் சாசேஜ். விருந்துக்கு வருபவர்களில் சைவர்கள் இருந்தால் (நம் ஆட்கள் கூடும் இடத்தில் நிச்சயம் இருப்பார்கள்) தனி ட்ரே, காய்கறி ஸ்டாக். 300 கிராம் காளானை அதிக சூட்டில் தண்ணீர் சுண்டிச் சிவக்கும்வரை வதக்கிச் சேருங்கள். முட்டையும் வேண்டாம் என்றால் அதன் ஈரத்துக்குப் பதிலாக ஸ்டாக் கால் கப் முதல் மூன்றில் ஒரு கப் வரை கூட்டிக்கொள்ளலாம். சற்று உதிரியாக வரும், ருசி குறையாது. சைவ ட்ரேயின் மேல் வான்கோழிச் சாறு ஊற்றாமல் உருகிய வெண்ணெய் ஊற்றுங்கள்.

கரம் மசாலா சேர்க்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டாம் என்பது என் கருத்து. பட்டை, கிராம்பு வந்தால் சேஜ் காணாமல் போகும், பக்கத்தில் இருக்கும் கிரேவியோடும் கிரான்பெரி சாஸோடும் ஒட்டாது. காரம் வேண்டுமானால் இரண்டு பச்சை மிளகாயைச் செலரியோடு வதக்குங்கள், மிளகைக் கூட்டுங்கள்.

தெற்கு மாநிலங்களின் கார்ன்பிரெட் (மக்காச்சோள மாவு பிரெட்) டிரெஸ்ஸிங் தனி வகை; ஸ்டஃபிங்குக்கு அங்கே டிரெஸ்ஸிங் என்று பெயர். இனிப்பில்லாத கார்ன்பிரெட்டை முந்தின நாளே சுட்டு, உதிர்த்து, உலர்த்திச் செய்ய வேண்டும். பாக்கெட் கார்ன்பிரெட் கலவை பலவற்றில் சர்க்கரை இருக்கும், பார்த்து வாங்குங்கள். நியூ இங்கிலாந்தில் சிப்பிக்கறியும், மினசோட்டாவில் காட்டரிசியும் சேர்ப்பார்கள்.

மீந்ததை 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, 3, 4 நாளில் முடித்துவிடுங்கள். திரும்பச் சூடாக்கும்போதும் 165 டிகிரி. மைக்ரோவேவில் வைத்தால் தொளதொளவென்றாகும். ஒரு முட்டை அடித்துக் கலந்து, பணியாரக் கல்லில் வெண்ணெய் விட்டு இரு பக்கமும் திருப்பிச் சுட்டால் வெளியே மொறுமொறுவென்று வரும். கிரேவி ஊற்றிச் சூடாகச் சாப்பிடுங்கள்.