வாசகர் கேள்விகள்: படபடப்பு, தடைக்காலக் குடி, நிறுத்திய மாத்திரை

கேள்வி: விசைப்படகில் போன என் வீட்டுக்காரர் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருக்கிறார். 40 நாளாகிறது. ராத்திரி 2 மணி போலத் திடுக்கென்று முழிப்பு வருகிறது. நெஞ்சு படபடவென்று அடித்து, உதடும் விரலும் மரத்து, உயிரே போய்விடும் போல இருக்கிறது. ஈ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா தான் போடும் தூக்க மாத்திரையில் பாதி தருகிறார். போடலாமா?
— ஒரு வாசகி, பாம்பன்

பதில்: வேண்டாம், சகோதரி. அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் முதல் சில நாள் நன்றாகத் தூங்க வைக்கும். சில வாரத்திலேயே பாதி போதாமல் ஒன்று, ஒன்று போதாமல் ஒன்றரை என்று உடம்பு கேட்கும். ஏற்கெனவே இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் போட்டிருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரலாம். மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

உங்களுக்கு வருவது பீதித் தாக்குதல் போலத் தெரிகிறது. தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்க்கவில்லை என்றால் பார்த்துவிடுங்கள். ரத்தசோகையிலும் நெஞ்சு இப்படித்தான் அடிக்கும். பயத்தில் மூச்சு வேகமாகும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. உதடும் விரலும் மரத்துப்போவது அதனால்தான். 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானே இறங்கிவிடும்.

வந்தவுடன் எழுந்து உட்கார்ந்து, ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூக்கு வழியாக 4 எண்ணும்வரை இழுத்து, சூடான கஞ்சியை ஊதுவது போல வாயைக் குவித்து 6 எண்ணும்வரை விடுங்கள். 5 நிமிடம் செய்யுங்கள். பலரும் தவறுவது ஒரே இடத்தில்தான்: ‘நல்லா இழுத்து விடு’ என்று யாராவது சொல்ல, நெஞ்சு நிறைய இழுப்பார்கள், மரத்துப்போவது இன்னும் கூடும். இழுப்பது சாதாரணமாக இருக்கட்டும், விடுவதுதான் நீளமாக இருக்க வேண்டும். பகலில் இரண்டு வேளை பழகினால்தான் நடுராத்திரியில் கைகொடுக்கும்.

படுக்கையில் ஏறக்குறைய 20 நிமிடம் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில், மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொக்கும்போது மறுபடி படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழுவது ஒரே நேரத்தில் இருக்கட்டும். மதியம் 2 மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். தலையணைக்கு அடியில் இருக்கும் போனை அடுப்படிக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப் குழுவில் வரும் ‘விடுதலையாம்’, ‘வாய்தா தள்ளிப்போச்சாம்’ என்ற செய்திகளைக் கொழுந்தனாரோ அண்ணனோ ஒருவர் மட்டும் பார்த்து, உறுதியானதைக் காலையும் மாலையும் உங்களிடம் சொல்லட்டும்.

மாலை 5 மணிக்கு 20 நிமிடம் ஒதுக்கி ஒரு நோட்டில் கவலைகளை எழுதுங்கள். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இந்தப் பக்கம் உங்கள் கைக்கு எட்டுவது: மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்க வேண்டியது, மீன் ஏவாரியிடம் (வியாபாரியிடம்) கடன் தவணை பேசுவது, பிள்ளையின் பள்ளிக் கட்டணம். அந்தப் பக்கம் எட்டாதது: வழக்கு எப்போது முடியும் என்பது. இரவில் மனசு கிளறும்போது ‘அது நோட்டில் இருக்கிறது’ என்று சொல்லிக்கொள்ள முடியும்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், பசியும் தூக்கமும் கெட்டே இருந்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அங்கே தரும் மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய 2 முதல் 4 வாரமாகும். முதல் வாரத்தில் குமட்டலாம், அதற்காக நிறுத்திவிடாதீர்கள். சாகலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண், அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

கேள்வி: மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதிலிருந்து அப்பா விடிந்ததும் குடிக்கிறார். கடன் நெருக்குகிறது. ‘ஜூன் 15 கடலுக்குப் போனா தானா நின்னுரும்’ என்கிறார். குடியை நிறுத்தச் சாப்பாட்டில் தெரியாமல் கலக்கும் மருந்து ஒன்று இருக்கிறதாமே?
— ஒரு வாசகர், மண்டபம்

பதில்: அந்த மருந்தைக் கலக்கவே கலக்காதீர்கள், தம்பி. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் பார்வையில்தான் சாப்பிட வேண்டும்.

‘தானா நின்னுரும்’ என்பதுதான் எங்களுக்கு அதைவிடக் கவலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விடாமல் குடித்த உடம்பு, திடீரென்று சாராயம் கிடைக்காவிட்டால் முரண்டும். கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்தில் கை நடுங்கி வேர்க்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் ஆள் குழம்பி, இல்லாத பூச்சியைத் தட்டுவார், யாரோ கூப்பிடுவதாக எழுந்து போவார். நாலைந்து நாள் தங்கித் தொழில் செய்யும் படகில் இது நடந்தால், அணியத்தில் (படகின் முன்பகுதியில்) நிற்கும் மனிதர் கடலுக்குள் இறங்கிவிடக்கூடும். காலையில் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கிறது என்றால் நிறுத்துவது மருத்துவமனையில் நடக்கட்டும். கடலுக்குப் போக இரண்டு வாரம் முன்பே சேர்த்துவிடுங்கள். அங்கே நடுக்கத்துக்கான மருந்தைத் தினமும் குறைத்துக்கொண்டே வருவார்கள், தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள். ‘தெம்புக்கு ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க’ என்று நீங்களாகக் கேட்காதீர்கள். பி1 இல்லாத உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்.

போதையில் இருக்கும்போது பேசிப் பயனில்லை. தெளிவாக இருக்கும் நேரம் பார்த்து, கடன் கணக்கை ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துப் பேச்சைத் தொடங்குங்கள். குடியைப் பற்றிப் பேசுவதைவிட, கடனைப் பற்றிப் பேசத்தான் அவருக்கு ஆள் தேவைப்படும்.

கேள்வி: மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடும் என் தம்பியை ஏர்வாடி தர்காவில் தங்க வைக்கப்போகிறோம். அங்கே இருக்கும்வரை மாத்திரையை நிறுத்தலாமா?
— ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: துஆ (பிரார்த்தனை) நடக்கட்டும், மாத்திரையும் நடக்கட்டும். நிறுத்திய முதல் சில வாரம் ஆள் முன்னைவிடத் தெளிவாகவே தெரிவார், மாத்திரையால் வந்த மந்தம் விலகுவதால். நோய் திரும்ப வாரங்களோ மாதங்களோ ஆகும். அதற்குள் வீட்டில் ‘குணமாகிவிட்டது’ என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

தங்கும் இடத்தில் கட்டிவைப்பார்கள் என்றால் அங்கே விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் இருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலியைத் தடை செய்திருக்கிறது. கூடவே ஒருவர் தங்குங்கள். ஒரு மாதத்துக்கான மாத்திரையும் மருந்துச் சீட்டின் நகலும் அவர் கையில் இருக்கட்டும். தினமும் விழுங்க மறுத்தால், மாதம் ஒரு முறை போடும் ஊசி உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.